அணைக்காமல் மூடி வைத்தது

எங்கள் வீட்டில் மடிக்கணினியை யாரும் அணைப்பதில்லை. வேலை முடிந்தால் மூடி வைப்போம். சாப்பிடக் கூப்பிட்டால் மூடி வைப்போம். யாராவது வந்தால் மூடி வைப்போம். கோபம் வந்தால் கொஞ்சம் பலமாக மூடி வைப்போம். மறுபடி திறக்கும்போது எல்லாம் விட்ட இடத்திலேயே நிற்கும். பாதிச் சொல்லில் நின்ற கர்சர்கூட அங்கேயே கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். இது கெட்ட பழக்கம் என்று மாலை வகுப்பில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் விடவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அந்தப் பழக்கத்தில் முதலில் மாட்டியது அம்மாவின் கடிதம்.

அம்மா ஒரு மருத்துவமனையின் துணிப் பிரிவில் வேலை செய்கிறாள். கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்து அடுக்கி வைக்கும் வேலை. அவளும் சித்தியும் பேசிக்கொள்ளாமல் நான்கு வருடம் ஆகிறது. ஒரு தையல் இயந்திரம் யாருக்கு என்பதில் தொடங்கிய சண்டை என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். பிறகு அது எங்கெங்கோ போய்விட்டது. ஏழு மாதத்துக்கு முன்பு அம்மா சித்திக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். கையால் எழுதினால் எழுத்தே கோபமாகத் தெரிகிறது என்று மடிக்கணினியில் எழுதினாள். வேலை விட்டு வந்து தினமும் அரை மணி நேரம், ஒற்றை விரலால், மூன்று வாரம். பதினொரு பக்கம் வந்திருந்தது. ஒரு முறைகூடச் சேமிக்கவில்லை. மூடி வைத்தாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் திறந்தபோது கறுப்புத் திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாளும் சுற்றியது. பழுது பார்க்கும் கடைக்காரர், இது ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கிறது என்றார். திறந்து வைத்திருந்ததையெல்லாம் ஹார்ட் டிஸ்கில் ஓர் ஓரமாக எழுதி வைத்துவிட்டுத்தான் தூங்கியிருக்கிறதாம். எழுந்துகொள்ளத்தான் அதற்கு வழி தெரியவில்லை. துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தரவா என்று கேட்டார். அம்மா மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

அதன் பிறகு தினமும் மாலையில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்பாள், "எந்திரிச்சிதா?" இல்லை என்போம். நோயாளியைப் பற்றி விசாரித்ததுபோல் தலையாட்டிவிட்டு முகம் கழுவப் போவாள்.

நான் மாலை வகுப்பில் சேர்ந்ததற்கு அதுதான் காரணம். விண்ணப்பத்தில் ‘தொழில் முன்னேற்றம்’ என்று எழுதினேன். பகலில் நான் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் விளிம்பு தேய்க்கிறேன். அந்தத் தொழிலில் கணினியால் முன்னேற எதுவும் இல்லை. அம்மாவிடம் மட்டும், அதை எழுப்பிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். சொன்ன அன்றே அந்த வாக்கு எனக்குப் பெரிய சட்டைபோல் தொளதொளத்தது.

வகுப்பு திங்கள், புதன், வெள்ளி, ஆறரை முதல் எட்டு வரை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் மாடியில் நடக்கும். சுவரெல்லாம் சாலைக் குறிகள். ‘இடது புறம் திரும்பாதே’ என்ற படத்துக்குக் கீழே என் மேசை. ஆசிரியை பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். அவர் உள்ளே வரும்போது கிரீஸ் வாசனையும் சேர்ந்து வரும். அவருக்கு ஒரே ஒரு விதிதான். எந்தக் கட்டளையையும் தட்டச்சு செய்யும் முன் நோட்டில் எழுத வேண்டும். என்ன நடக்கும் என்று நினைக்கிறோம் என்பதைப் பக்கத்தில் எழுத வேண்டும். பிறகுதான் விசைப்பலகை. என்ன நடந்தது என்பது மூன்றாவது கட்டத்துக்கு. லிஃப்ட்டுக்குள் ஆள் இருக்கும்போது யாரும் சும்மா பொத்தானை அமுக்கிப் பார்க்க மாட்டார்கள், கணினிக்குள்ளும் ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பார். என் நோட்டில் நடுக் கட்டத்தில் பெரும்பாலும் ‘தெரியவில்லை’ என்றே இருக்கும். அதையும் அவர் திருத்தியதில்லை.

மூன்றாவது வாரம் ஆளுக்கொரு பென் டிரைவ் கொடுத்தார். அதில் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் இருந்தது. வீட்டுக் கணினியில் செருகித் தொடங்கினால் இரண்டு வழிகள் காட்டும், ஒன்று நிறுவாமல் முயன்று பார்ப்பது, மற்றது நிறுவுவது என்று விளக்கினார். இரண்டாவதைத் தொட்டால் ஹார்ட் டிஸ்கில் இருப்பது அழியும் என்பதை இரண்டு முறை சொன்னார். நான் மூன்று முறை எழுதிக்கொண்டேன்.

அதே வாரம் அக்காவுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. அக்கா ஒரு துணி ஆலையில் பொட்டலம் கட்டுகிறாள். அங்கே மாடியில் ஒரு அறை இருக்கிறது. துணியில் அச்சாகும் பூவையும் கோட்டையும் அங்கேதான் வரைகிறார்கள். அந்த அறைக்கு ஓர் ஆள் தேவை, உள்ளே வேலை செய்பவர்களும் முயலலாம், பன்னிரண்டு வடிவங்கள் கணினிக் கோப்பாகக் கொண்டுவர வேண்டும், கடைசி நாள் இன்ன சனிக்கிழமை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்களாம். ஆறு வருடமாக அக்கா பொட்டலக் காகிதத்தின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டிருக்கிறாள். காகிதத்தோடு போனால் அந்த அறைக் கதவு திறக்காது. வீட்டில் இருப்பதோ வட்டம் சுற்றும் ஒரு மடிக்கணினி.

அதனால் நான் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தேன். நிறுவாமல் முயன்று பார். அம்மாவின் கடிதம் டிஸ்கில் அப்படியே தூங்கட்டும். அக்கா அதன் மேல் அடிவைக்காமல் வரையட்டும். இருவருக்கும் நல்லவளாக இருக்க ஒரு வழி கிடைத்துவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

முதல் நாள் அக்கா அதைத் திட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு பொத்தானும் வேறு இடத்தில் இருக்கிறது, அடுத்தவர் வீட்டு அடுக்களையில் உப்பு தேடுவதுபோல் இருக்கிறது என்றாள். மூன்றாம் நாள் திட்டு குறைந்தது. பழைய அமைப்பில் அவள் வைத்திருந்த வரையும் மென்பொருள் திருட்டுப் பிரதி. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உரிமம் கேட்டுப் பெட்டி காட்டும். இது ஒன்றும் கேட்கவில்லை. இலவசமாக வந்துவிட்டு மூலையில் விளம்பரமும் காட்டவில்லை. இலவசம் என்றால் எங்காவது இடிக்கும் என்று அம்மா மட்டும் சந்தேகத்தோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

எனக்குப் பிடித்தது வேறு. பழையது மறுத்தால் வட்டம் சுற்றும், காரணம் சொல்லாது. இது ஒரு வரியாவது சொல்லும். புரியாவிட்டாலும் நோட்டில் எழுதிக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

அந்தப் பதினாறு நாட்களை நினைத்தால் எல்லாம் ஒரே சாயங்காலம்போல் இருக்கிறது. லினக்ஸில் ஒரே திரைக்குள் நான்கு மேசைகள் வைத்துக்கொள்ளலாம். விசையை அழுத்தினால் ஒன்று நகர்ந்து மற்றது வரும். அக்கா முதல் மேசையில் வரைந்தாள். இரண்டாவதில் வண்ணங்களைக் கொட்டி வைத்தாள். மூன்றாவதில் ஒரே வடிவத்தைத் துணிபோல் நான்கு பக்கமும் பரப்பிப் பார்த்தாள். நான்காவதில் எதுவும் இல்லை, வெறும் நீலம். களைத்துப்போனால் அங்கே போய் உட்காருவாள். உடம்பு கட்டிலில்தான் இருக்கும். ஆனால் அவள் வேறொரு வீட்டில் அறை அறையாக நடந்துகொண்டிருக்கிறாள் என்று கதவருகில் நிற்கும் எனக்குத் தெரியும். சன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகும். மடிக்கணினியின் விசிறிச் சத்தம்கூடக் கேட்காது. பேருந்துச் சன்னலில் வழியும் மழை ஒரு வடிவமானது. பொட்டலம் கட்டும் நாடா ஒன்று சுருண்டு சுருண்டு இன்னொன்றானது. இடது ஓரத்தில் வெட்டுப்பட்ட இலை வலது ஓரத்தில் போய் முடியும். எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. கடையில் லென்ஸ் தேய்க்கும்போது, நீர் வழியும் சக்கரத்தில் கண்ணாடி விளிம்பு கரைவதைப் பார்த்துக்கொண்டே, அந்த ஓரங்கள் எப்படிச் சேர்கின்றன என்று நினைத்துக்கொண்டிருப்பேன். இரண்டு முறை அளவு தவறியது. முதலாளி என் கண்ணைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்றார்.

இரவில் அக்கா மூடி வைப்பாள். மறுநாள் திறந்தால் எல்லாம் அங்கேயே இருக்கும்.

போன புதன்கிழமை வகுப்பில் பக்கத்து மேசை பேக்கரிக்காரர், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தன் மடிக்கணினியை அணைத்துத் தொடங்கினார். திரையில் வைத்திருந்த அவர் மகளின் படம் காணாமல் போயிருந்தது. பழைய மலைப் படம் வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. முயன்று பார்க்கும் வழியில் வந்தால் எல்லாமே நினைவகத்தில்தான் நடக்கிறது, மின்சாரம் இருக்கும்வரைதான் அது இருக்கும், அணைத்தால் கனவுபோல் போய்விடும் என்று மறுபடி விளக்கினார். அடுத்த குழுவுக்குத் தேவை என்பதால் வெள்ளிக்கிழமை எல்லோரும் பென் டிரைவைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னார்.

இது என் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது. நான் பயப்படவில்லை. ஏனென்றால் முதல் நாளே அக்காவிடம் சொல்லியிருந்தேன், படங்களை ஹார்ட் டிஸ்கில் போடு என்று. இடது பக்கப் பட்டியலில் அதைச் சுட்டியும் காட்டினேன். திறந்தால் எங்கள் பழைய புகைப்படங்கள் தெரிந்தன. சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று டிஸ்கைத் திறந்து பார்த்தேன். ஒரு படம்கூட இல்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தன் மேற்பார்வையாளர் தும்முவதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எங்கே சேமிக்கிறாய் என்று சாதாரணமாகக் கேட்டேன். டிஸ்க் ஏற்றுக்கொள்ளவில்லை, ‘படிக்க மட்டும்’ என்று சொன்னது, மரியாதையாகச் சொன்னதால் வற்புறுத்தவில்லை, வீட்டின் சின்னப் படம் போட்ட கோப்புறை ஒன்று இருந்தது, அதில் போட்டு வைத்தேன் என்றாள். திறந்தேன். பதினொரு வடிவங்கள், பாதியில் ஒன்று. எல்லாம் நினைவகத்தில். அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் இல்லை. சுவரும் விளக்கும் மட்டும் காற்றில் நின்றுகொண்டிருந்தன.

நான் அவளிடம் சொல்லவில்லை. வழி கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். பயத்துக்கு நான் வழக்கமாக வைக்கும் பெயர் அது.

வழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மடிக்கணினியில் இரண்டு யுஎஸ்பி துளைகள். ஒன்று எப்போதோ உள்ளே வளைந்துபோனது. மற்றதில் வகுப்புப் பென் டிரைவ் இருக்கிறது. அதைப் பிடுங்கினால் எல்லாம் உறைந்துவிடும். முதலிலேயே ஒரு துளையைப் பலதாக்கும் பிரிப்பானைச் செருகி அதில் பென் டிரைவைப் போட்டிருந்தால் இன்னொன்றுக்கு இடம் இருந்திருக்கும். இப்போது எழுதுவது எளிது. வைஃபை, புளூடூத் இரண்டும் ஒரே சில்லில் இருக்கின்றன. அந்தச் சில்லை லினக்ஸுக்கு அடையாளம் தெரியவில்லை. பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. சுவரிலிருந்து வரும் கம்பி ஒன்றுதான் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தது.

மிச்சம் இருந்தது ஹார்ட் டிஸ்க்தான். அது ஏன் எழுத விடவில்லை என்று பார்த்தேன். ஒரே வரியில் காரணம் சொல்லியிருந்தது. பழைய அமைப்பு இன்னும் தூக்கத்தில் இருக்கிறது, அது எழுந்தால் குழம்பிப்போகும், அதனால் படிக்க மட்டும்தான் அனுமதி.

வியாழக்கிழமை உணவு இடைவேளையில் ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்தேன். எங்கோ லிஃப்ட் கூண்டின் உச்சியில் இருந்தார்போலும், குரல் எதிரொலித்தது. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார், ஒரு கட்டளையால் அந்தத் தூக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டால் டிஸ்க் எழுத விடும். டிஸ்கில் முறையாகச் சேமித்த எதுவும் போகாது. தூங்கும்போது திறந்திருந்தது மட்டும் போய்விடும். அதைத் திரும்ப எடுக்க முடியாது. முதலில் எழுப்பிப் பார்க்கலாமே என்றேன். எழுப்ப வேண்டுமானால் இப்போது ஓடுவதை அணைக்க வேண்டுமே என்றார்.

"ரெண்டு பேர் தூங்குறாங்க. ஒருத்தரைக் கலைச்சாதான் இன்னொருத்தர் பொழைப்பாங்க. யாருன்னு நீ முடிவு பண்ணாத. அவங்ககிட்டயே கேளு."

அன்று மாலை அக்கா கட்டிலில் பன்னிரண்டாவது வடிவத்தில் இருந்தாள். நான் வாசலில் நின்று எந்தச் சொல்லில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா மறுநாளுக்கான சீருடையையும் இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த அறையில் ஒரே ஒரு பிளக்தான். ரெண்டு நிமிடம் கழற்றிக்கொள்கிறேன், தூங்குகிற கழுதைதானே, மூடி வை என்று சொல்லிக்கொண்டே குனிந்தாள்.

நான் போய் பிளக்கின் மேல் கையை வைத்தேன். அம்மாவின் விரல்கள் என் கையின் மேல் வந்து நின்றன. அப்படி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாகச் சொல்ல முயன்றேன். முடியவில்லை. டிஸ்கில் தொடங்கி, பேக்கரிக்காரரின் மகள் படத்துக்குப் போய், பிறகு லிஃப்ட்டுக்கு வந்தேன். ஆனால் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கை விசைப்பலகையிலிருந்து மெல்ல எழுந்து காற்றிலேயே நின்றது, தொட்டால் உடைந்துவிடும் என்பதுபோல்.

"அப்ப பதினாறு நாளா காத்துலயா வரைஞ்சிட்டிருந்தேன்?"

"ஆமாக்கா."

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"நல்லவடி நீ. நான் தும்மி நடிச்சுக் காட்டினப்ப சிரிக்க வேற செஞ்ச."

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொலைபேசியில் திரையைப் படம் பிடித்தால் போதாதா என்று கேட்டாள். பிறகு அவளே போதாது என்று சொல்லிக்கொண்டாள். ஓரங்கள் சேராது, அந்த அறையில் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அம்மாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கடிதத்தை அழிக்கும் அந்த வழியைக் கேட்கவும் இல்லை. அதைக் கேட்க வேண்டியவள் நான்தான்.

கேட்டேன். அழிப்பதற்கு முன் ஒரு முறை படித்துப் பார்க்க முடியுமா என்று மட்டும் அம்மா கேட்டாள். முடியாதும்மா என்றேன். இஸ்திரிப் பெட்டியின் கம்பியை நிதானமாகச் சுற்றி வைத்தாள். சுருங்கிய சீருடையை நாற்காலியில் தொங்கவிட்டாள். விரிப்பில் சுருக்கம் இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் கேள்வி, தைக்கிறவள் சீருடைச் சுருக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

விடியற்காலையில் எனக்கு ஒரு கனவு வந்தது. எங்கள் மடிக்கணினி ஒரு நீளமான படுக்கை அறையாக இருந்தது. இரண்டு கட்டில்கள், இரண்டிலும் வெள்ளை விரிப்பு, இரண்டிலும் யாரோ முகத்தை மூடிப் படுத்திருந்தார்கள். நான் கையில் நோட்டோடு நடுவில் நின்று, நடுக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதிக்கொண்டே இருந்தேன். பேனாவில் மை வரவில்லை. விழித்தபோது சன்னல் வெளுத்திருந்தது. அக்கா எனக்கு முன்பே எழுந்து, பன்னிரண்டாவது வடிவத்தை முடிக்காமலே, சுவரோரம் பிளக்கின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா ஈரக் கையோடு வந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறவள்போல் நின்றுகொண்டே பேசினாள்.

"படுத்துக்கிட்டே மனசுக்குள்ள முழுசாப் படிச்சுப் பாத்தேன். பதினொரு பக்கமும் தையல் மெஷின்தான். எனக்கே அலுத்துப்போச்சு. அழிச்சிடு."

"நெஜமாவாம்மா?" அக்காதான் கேட்டாள்.

"பின்ன? அது எந்திரிச்சாதான் அவகிட்டப் பேசுவேன்னு சொல்லிக்கிட்டு, நானும் ஆறு மாசமா நல்லாத் தூங்கிட்டேன்."

நோட்டைத் திறந்து கட்டளையை எழுதினேன். ஒரே வரிதான். நடுக் கட்டத்தில் முதல் முறையாக, என்ன நடக்கும் என்று தெரிந்து எழுதினேன். அம்மாவின் கடிதம் போகும், அக்காவின் படம் நிற்கும். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்தேன். அக்கா சத்தமில்லாமல் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கடைசி விசையை நீயே அழுத்துகிறாயா என்று அம்மாவிடம் கேட்டேன். கை ஈரம் என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். நானே அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. சத்தமும் இல்லை, வட்டமும் சுற்றவில்லை. கர்சர் அடுத்த வரிக்கு இறங்கி நின்றது. ஆறு மாதத் தூக்கம் அவ்வளவுதான். அம்மா இன்னும் ஏதோ வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போயிடுச்சும்மா என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. கையை மட்டும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

டிஸ்க் இப்போது எழுத விட்டது. படங்களை அங்கே நகல் எடுத்தேன். பச்சைப் பட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்ந்தது. ஆனால் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று அணைத்துப் பார்த்தால்தான் தெரியும். மூன்றாவது கட்டத்தை நிரப்ப வேறு வழி இல்லை. அக்கா நான்கு மேசைகளையும் ஒரு முறை சுற்றி வந்தாள். நீல மேசையில் கொஞ்சம் நின்றாள். பிறகு சரி என்றாள். நான் அணைத்தேன்.

திரை கறுத்தது. அதில் எங்கள் மூன்று பேர் முகமும் மங்கலாகத் தெரிந்தது. யாரும் அசையவில்லை. அந்தக் கறுப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று நோட்டில் எழுதத் தோன்றவில்லை. மறுபடி தொடங்கினேன். பேக்கரிக்காரருக்கு வந்த அதே மலைப் படம் வந்தது. அக்காவின் நான்கு மேசைகள் இல்லை, வண்ணங்கள் இல்லை, எதுவும் அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. டிஸ்கைத் திறந்தேன். பதினொன்று முழுதாக, பாதியாக ஒன்று. அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சேர்ந்திருந்தன. அதன் பிறகுதான் அவள் பிளக்கை விட்டு எழுந்தாள்.

மாலை வகுப்புக்கு மடிக்கணினியை எடுத்துப்போய், ஆசிரியையின் பிரிப்பானைப் போட்டு எல்லாவற்றையும் அக்காவின் பென் டிரைவுக்கு மாற்றினோம். நிறுவும் அந்த இரண்டாவது வழியையும் அங்கேயே தொட்டேன். சனிக்கிழமை காலையில் அக்கா பன்னிரண்டாவதை முடித்தாள். பதினொன்றைவிட அது சுமார்தான், ஆனால் ஆலையில் கொடுத்துவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை என்னிடம் பேசும்போதெல்லாம் ஒரு தும்மல் தும்மிவிட்டுத்தான் பேசுவாளாம்.

ஆனால் நான் எழுத நினைத்தது அந்த வெள்ளிக்கிழமைக் காலையைப் பற்றித்தான். அக்கா படங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் தொலைபேசியை எடுத்தாள். சித்தியின் எண்ணை அவள் பெயர் போடாமல் வைத்திருந்தாள். எங்களுக்கு அதுகூடத் தெரியாது. ஒற்றை விரலால் எதையோ தட்டினாள். பதினொரு பக்கத்துக்கு மூன்று வாரம் எடுத்தவளுக்கு இது அரை நிமிடம்தான் ஆனது. அனுப்பிவிட்டு எங்களிடம் நீட்டினாள். ‘என்ன பண்ற?’ என்று இருந்தது.

பதில் வருமா என்று யாரும் கேட்கவில்லை. அக்கா மழை வடிவத்தைத் திரை முழுவதும் பரப்பினாள். வெளியே யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும், அம்மாவும்தான். எங்கள் இருவருக்கும் நேரம் ஆகிவிட்டது. தொலைபேசி அம்மாவின் மடியில் ஒரு முறை அதிர்ந்தது.

‘வெங்காயம் உரிக்கிறேன். நீ?’

அம்மா அதை ரொம்ப நேரம் படித்தாள், பதினொரு பக்கம் இருப்பதுபோல். நான் என்ன பண்ணுறேன்னு சொல்றது என்று எங்களைப் பார்த்தாள். அக்கா தோளைக் குலுக்கினாள். பிறகு அம்மா தொலைபேசியைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள், கண்ணைச் சுருக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. படத்தில் கோடு கோடாக விழுந்திருந்தது, ஓரம் சாய்ந்திருந்தது. மறுபடி எடுக்கலாமே என்று அக்கா சொல்வதற்குள், ‘பெரியவ வரைஞ்சதைப் பாத்துட்டிருக்கேன்’ என்று அடியில் எழுதி அப்படியே அனுப்பிவிட்டாள்.